குதிரைமயிர்ப் புழு: அது வாழும் நீரும் வளரும் அளவும்

சென்ற மழைக்காலத்தின் இறுதியில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்றைக் காரியாலயத்திற்குக் கொண்டுவந்தார். புட்டியிலிருந்த நீரில் கரும்பழுப்பு நிறமான நூல் ஒன்று மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. கிணற்றடியிலுள்ள மாட்டுத் தொட்டியில் அதைக் கண்டதாகச் சொன்னார். அளந்து பார்த்தோம். நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். பருமனோ தறியில் ஏற்றும் முரட்டு நூலின் அளவே. தலை எது, வால் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலவில்லை.

அவர் வீட்டில் இதைப் பற்றி மூன்று விதமான பேச்சு எழுந்திருந்தது. மாட்டின் வால் மயிர் தண்ணீரில் ஊறி உயிர் பெற்றுவிட்டது என்றார் அண்டை வீட்டார் ஒருவர். அவருடைய தாயார், இது அந்நாளில் மனிதர் காலில் புறப்பட்ட நரம்புச் சிலந்தியேதான் என்று அஞ்சினார். மூத்த மகனோ, வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தில் சிறிது கிணற்றில் ஊற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீரை மூன்று குடும்பத்தார் குடிக்கிறார்கள். “சங்கத்தில் விசாரித்துவிட்டு வருகிறேன், அதுவரை பொறு” என்று மகனைத் தடுத்துவிட்டு உறுப்பினர் நம்மிடம் வந்தார்.

மருந்து ஊற்ற வேண்டாம் என்று அப்பொழுதே கூறி அனுப்பினோம். எனினும் இத்தகைய சந்தேகம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கிணறு, குளம், வாய்க்கால், தொட்டி ஆகியவற்றை ஆளும் எவருக்கும் இது என்றேனும் எழக்கூடும். ஆதலின் இப்புழுவைப் பற்றி ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ள செய்திகளை இங்கே விளக்க முற்படுகிறோம்.

மயிரும் அன்று, பாம்பும் அன்று

இப்பிராணியைக் குதிரைமயிர்ப் புழு என்று பல நாட்டாரும் அழைக்கின்றனர். குதிரைகள் நீர் அருந்தும் தொட்டிகளில் இது அடிக்கடி காணப்பட்டதால், குதிரையின் வால் மயிரே நீரில் விழுந்து உயிர் பெறுகிறது என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் நெடுங்காலம் நம்பினர். ஷேக்ஸ்பியரின் ‘ஆண்டனியும் கிளியோபாத்ராவும்’ என்னும் நாடகத்திலும் அந்நம்பிக்கையைச் சுட்டும் இடம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் லெய்டி என்பவர் குதிரை மயிர்களை நீரிலிட்டுப் பல மாதங்கள் பொறுமையுடன் கவனித்தார். மயிர் மயிராகவே இருந்தது; ஒன்றேனும் உயிர் பெறவில்லை. மயிர் தோலிலிருந்தே முளைக்கும். புழு புழுவின் முட்டையிலிருந்தே பிறக்கும். இவ்வுண்மையை நிலைநாட்ட எளிய சோதனை ஒன்றே போதுமானதாயிற்று.

1758-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதன் ஓர் இனத்திற்குக் ‘கோர்டியஸ் அக்குவாட்டிக்கஸ்’ என்று பெயரிட்டார். பண்டைக் காலத்தில் கோர்டியம் என்னும் நகரில் எவராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று இருந்ததாகவும், அலெக்சாண்டர் அதை வாளால் வெட்டியதாகவும் கதை உண்டு. இப்புழுக்கள் இனப்பெருக்கக் காலத்தில் பல ஒன்றுகூடி, சிக்கல் விழுந்த நூற்சிட்டம்போல் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. அம்முடிச்சை நினைந்தே இப்பெயர் அமைந்தது.

இன்றுவரை இவ்வகுப்பில் ஏறக்குறைய 350 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. கண்டறியப்படாதவை இன்னும் மிகப் பல என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இவற்றுள் கடலில் வாழ்வன ஒரு சிலவே. மற்ற யாவும் நன்னீரைச் சார்ந்தவை.

உடலின் அமைப்பு

வளர்ந்த புழு உணவு கொள்வதில்லை. அதன் குடல் சுருங்கிப் பயனற்றுக் கிடக்கிறது. சுவாசிப்பதற்கோ, இரத்தத்தைச் செலுத்துவதற்கோ, கழிவை வெளியேற்றுவதற்கோ தனி உறுப்புகளும் இல்லை. உடலின் உட்புறம் பெரும்பாலும் முட்டைகளாலோ விந்தணுக்களாலோ நிரம்பியிருக்கும். நீளவாட்டில் ஓடும் தசைகள் மட்டுமே உண்டு. குறுக்கே சுற்றிச் செல்லும் தசைகள் இல்லை. ஆகவே மண்புழுவைப்போல் சுருங்கி நீண்டு ஊர இதனால் முடியாது. பக்கவாட்டில் வளைந்து புரண்டுதான் நகரும்.

இதன் மேல்தோல் நெசவாளருக்கு வியப்பளிக்கக் கூடியது. அதில் நுண்ணிய நார்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஓர் அடுக்கின் நார்கள் ஒரு சாய்வாகவும், அடுத்த அடுக்கின் நார்கள் அதற்குக் குறுக்கான சாய்வாகவும் உடலைச் சுற்றிச் செல்கின்றன. பாவும் ஊடையும் குறுக்கிட்டுத் துணிக்கு வலிமை தருவதுபோல, இந்நார்கள் மெல்லிய உடலுக்கு உறுதி தருகின்றன. கையில் எடுத்தால் இப்புழு மண்புழுவைப்போல் துவளாமல் கம்பிபோல் விறைப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உணவு கொள்ளாத பிராணி ஒரு சாண் நீளம் வளர்ந்தது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். அதற்கு விடை நீரில் இல்லை, கரையில் இருக்கிறது.

முட்டை முதல் முடிச்சு வரை

பெண் புழு நீரில் முட்டைகளைச் சரம் சரமாக இடுகிறது. சில இனங்கள் அச்சரத்தை நீரிலேயே விட்டுவிடும். சில இனங்கள் மூழ்கிய குச்சிகளில் ஒட்டி வைக்கும். முட்டைகளின் தொகை பல லட்சம். பத்து லட்சத்தைத் தாண்டும் இனங்களும் உண்டு. முட்டையிட்ட பின் தாய்ப் புழு இறந்துபோகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு கண்ணுக்குப் புலப்படாதது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இராது. முகப்பில் கொக்கிகளுடன் கூடிய துளையிடும் கருவி ஒன்று அதற்கு உண்டு. நத்தை, கொசுவினப் பூச்சிகளின் புழு முதலான நீர்ப் பிராணிகள் இரை உண்ணும்போது இதையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. உட்சென்ற இளம்புழு குடலைத் துளைத்துச் சதையில் புகுந்து, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும். அங்கே அது வளர்வதில்லை, காத்திருக்கிறது. உறைபனியின் குளிரையும் இவ்வுறைப் புழு தாங்கவல்லது என்பது சோதனையில் தெரியவந்துள்ளது.

நீரில் வளர்ந்த பூச்சி சிறகு முளைத்துக் கரைக்குப் பறந்துவரும். அதன் உடலில் உறைப் புழுவும் உடன் வரும். கரையில் அப்பூச்சி இறந்து விழுந்தாலும், உயிருடன் பிடிபட்டாலும், சுவர்க்கோழி, கும்பிடுபூச்சி, தரைவண்டு போன்றவற்றிற்கு இரையாகிறது. அப்பொழுதுதான் உறைப் புழு விழிக்கிறது. புதிய பூச்சியின் உடற்குழிக்குள் புகுந்து, அதன் கொழுப்பையும் சத்தையும் தன் தோலினாலேயே உறிஞ்சி வளர்கிறது. மேலே நாம் கூறிய தடித்த தோல் இறுதியில்தான் உருவாகிறது. வளரும் காலத்தில் சத்தை உறிஞ்சுவதற்கு ஏற்ற மெல்லிய தோலே இருக்கும்.

வளர்ச்சி முடிந்ததும் பூச்சி நீரை நாடிச் சென்று விழுகிறது. புழு அதன் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவந்து நீரில் கலக்கிறது. பின்னர் ஆணும் பெண்ணும் கூடுதல், முடிச்சிடுதல், முட்டையிடுதல் என்று சக்கரம் மீண்டும் சுழலத் தொடங்கும்.

நீளத்தை அளந்து கொடுப்பது யார்?

நன்னீர்ப் புழுக்களுள் பெரும்பாலானவை 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும். 5 சென்டிமீட்டர் அளவுள்ளவையும் உண்டு. ஒரு மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. மிக அருமையாக 2 மீட்டரை எட்டியவையும் பதிவாகியுள்ளன. ஆனால் எவ்வளவு நீண்டாலும் பருமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் 3 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதே.

மீனைப் பொறுத்தவரை, வளமான குளத்து மீன் பெருக்கும், வறண்ட குட்டை மீன் சிறுக்கும் என்பதை நாம் அறிவோம். அக்கணக்கு இங்கே பொருந்தாது. இப்புழு தனக்கு வேண்டிய உணவு முழுவதையும் பூச்சியின் உடலுக்குள்ளேயே உண்டு முடித்துவிடுகிறது. நீருக்கு வந்தபின் அது ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை. ஆகவே நீரில் நாம் காணும் புழுவின் நீளத்தை நிர்ணயித்தது அந்நீர் அன்று. அது தங்கி வளர்ந்த பூச்சியேயாகும்.

முதலாவது, இனத்தின் இயல்பு. ஒவ்வோர் இனத்திற்கும் பிறவியில் அமைந்த ஓர் எல்லை உண்டு. இரண்டாவது, பூச்சியின் அளவு. பெரிய உடலில் இடமும் சத்தும் மிகுதி. சிறிய உடலில் இரண்டும் குறைவு. இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள சுவர்க்கோழிக்குள் அதைப்போல் பத்து மடங்கு நீளமான புழு சுருண்டு கிடப்பது அரிதன்று. தாரில் சுற்றிய நூலை எண்ணிப் பார்த்தால் இது எவ்வாறு இயலும் என்பது விளங்கும்.

மூன்றாவது காரணம் நெருக்கடி. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பென் ஹானெல்ட் முதலானோர் ‘பாராகோர்டியஸ் வேரியஸ்’ என்னும் இனத்தை ஆய்வுக்கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் முறையைக் கண்டனர். நத்தைக்குள் உறைப் புழுவை உண்டாக்கி, அந்நத்தைச் சதையைச் சுவர்க்கோழிக்கு ஊட்டினால், ஏறக்குறைய நான்கு வாரங்களில் வளர்ந்த புழு வெளிவருகிறது. அவ்வாறு வளர்த்தபோது, ஒரு சுவர்க்கோழிக்குள் பல புழுக்கள் இருந்தால் ஒவ்வொன்றும் குட்டையாகவும், தனித்திருந்த புழு நீளமாகவும் அமையக் கண்டனர். ஒரே பானைச் சோற்றைப் பலர் பகிர்ந்துகொள்வதற்கு ஒப்பானது இது. ஆகவே, ஒரே ஓடையில் ஒரே இனப் புழுக்கள் இரண்டு வெவ்வேறு நீளத்தில் காணப்பட்டால், ஒன்று கிழடு, மற்றது குஞ்சு என்று எண்ணுவது தவறு. இரண்டும் முழு வளர்ச்சி பெற்றவையே. ஒன்றுக்கு வாய்த்த வீடு பெரிது. மற்றதற்கு வாய்த்தது சிறிது, அல்லது பங்காளிகள் மிகுந்தது.

நீளத்தினால் புழுவுக்கு ஆவது என்ன? உடல் முழுவதும் முட்டைப் பையே என்று கூறினோம். நீண்ட பெண் புழுவுக்கு முட்டைகள் மிகுதி. கண்ணுக்குத் தெரியாத இளம்புழு, நீரிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து நீருக்கும் இருமுறை மாற வேண்டும். வழியில் அழிபவை எண்ணற்றவை. அதனால்தான் ஒரு தாய் லட்சக்கணக்கில் இடவேண்டியிருக்கிறது.

எங்கெங்கே காணப்படுகிறது?

அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் நன்னீரில் இப்புழுக்கள் உள்ளன. மலையோடை, ஆறு, ஊற்று, குளம், வாய்க்கால், கிணறு, தொட்டி, மழைநீர் தேங்கிய பள்ளம் ஆகிய எதிலும் காணலாம். ஓடும் நீரில், வேகம் தணிந்து சருகும் வேரும் தேங்கும் ஓரங்களில் அவை ஒதுங்கிக் கிடக்கும்.

எந்த இனம் எங்கே வாழும் என்பதையும் கரையிலுள்ள பூச்சிகளே பெரிதும் முடிவு செய்கின்றன. ‘கோர்டோடெஸ்’ என்னும் பேரினம் கும்பிடுபூச்சிகளையும் கரப்பான் வகைகளையும் சார்ந்தது. அப்பூச்சிகள் மிகுந்த வெப்ப நாடுகளிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலுமே அப்பேரினமும் செழித்துள்ளது. தரைவண்டுகளைச் சார்ந்த பேரினங்கள் பலவும் குளிர்ந்த நாடுகளில் மிகுதி. சுவர்க்கோழியையும் வெட்டுக்கிளியையும் சார்ந்தவை இரு பகுதிகளிலும் உண்டு. தைவான் தீவில் மரவட்டையைச் சார்ந்து வாழும் இனம் ஒன்றை 2020-ஆம் ஆண்டில் விவரித்துள்ளனர். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஈரமண்ணிலேயே முட்டையிடும் இனம் ஒன்றும் அதற்கு முந்தைய ஆண்டில் விவரிக்கப்பட்டது. நீர்ப்புழு என்று நாம் எண்ணியிருந்த கூட்டத்தில் நிலத்துக்குக் குடிபெயர்ந்த கிளையும் ஒன்று இருப்பது இதனால் தெரியவந்தது. ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில் கண்ட ஓர் இனத்தில் ஆண் புழுவே இல்லை. பெண் புழுக்கள் தாமே முட்டையிட்டுப் பெருகுகின்றன. 2012-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியிடப்பட்டது.

ஓரிடத்தில் புழுவைக் காணவில்லை என்பதால் அங்கே அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்த புழு நீரில் வாழ்வது சில வாரங்களோ மாதங்களோதான். குளிர் நாடுகளில் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலுமே அது மிகுதியாகத் தென்படும். மற்ற மாதங்களில் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவர். இக்குறையை நீக்க அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆராய்ச்சியாளர் எளிய வழி ஒன்றைக் கையாண்டு 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வளர்ந்த புழுவைத் தேடுவதை விட்டு, நீர்நிலைகளிலுள்ள நத்தைகளைச் சேகரித்து, அவற்றின் சதையில் உறைப் புழுக்கள் உள்ளனவா என்று நுண்நோக்கியில் பார்த்தனர். அதுவரை அருமையானது என்று கருதப்பட்ட புழு உண்மையில் பரவலாக இருப்பது அதனால் புலனாயிற்று.

இது புதிதாகப் பரவிய பிராணியும் அன்று. பர்மாவில் கிடைத்த பழைமையான அம்பர்ப் பிசினுக்குள் இவ்வகுப்பைச் சேர்ந்த புழு ஒன்றின் உடல் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அப்பிசினின் வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு. மனிதன் கிணறு வெட்டுவதற்கு எத்தனையோ காலத்திற்கு முன்பே இப்புழு கரைக்கும் நீருக்கும் இடையே நடமாடி வந்திருக்கிறது.

பூச்சியை நீருக்கு இழுப்பது

சுவர்க்கோழிக்கு நீந்தத் தெரியாது. ஆழமான நீரைத் தானாக நாடி அது குதிப்பதில்லை. புழு முதிர்ந்த பின் அதன் நடத்தை மாறிவிடுகிறது. பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் ஒரு நீச்சல் குளத்தின் கரையில் ஃபிரெடரிக் தோமா என்பவரும் அவருடைய துணைவர்களும் இரவுதோறும் காத்திருந்து, காட்டிலிருந்து வந்து தண்ணீரில் குதிக்கும் சுவர்க்கோழிகளைக் கவனித்தனர். 2002-ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. புழுவைச் சுமந்த பூச்சி முதலில் நிலையின்றி அலைகிறது. பின்னர் நீரருகே வந்ததும் அதனுள் பாய்கிறது.

ஜப்பானில் கும்பிடுபூச்சிகளை வைத்துச் செய்த சோதனை இதற்கு மேலும் விளக்கம் தருகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாக அமைந்திருக்கும். நம் கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியாது. பல பூச்சிகளுக்குத் தெரியும். புழுவைச் சுமந்த கும்பிடுபூச்சிகள் அத்தகைய ஒளியை நாடிச் செல்கின்றன என்று 2021-இல் அறிவித்தனர். மினுமினுக்கும் தார்ச்சாலையும் அதுபோன்ற ஒளியையே வீசுவதால், அப்பூச்சிகள் நீரென்று மயங்கிச் சாலைக்கு வருகின்றன என்பதை 2024-இல் கண்டனர். சாலையில் வாகனத்தின்கீழ் மடியும் பூச்சியோடு புழுவும் மடிகிறது. நீர் சேர வேண்டிய உயிர் தாரில் காய்ந்துபோகிறது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஜப்பானின் கீ தீபகற்பத்து மலையோடைகளில் தக்குயா சாத்தோ என்பவரும் துணைவர்களும் செய்த கணக்கு இதற்கு விடையளிக்கிறது. அங்கே ‘கிரிகூச்சி’ என்னும் அருகிவரும் மீன் வாழ்கிறது. புழுவைச் சுமந்த சுவர்க்கோழி இனப் பூச்சிகள் மற்றவற்றைவிடச் சுமார் 20 மடங்கு மிகுதியாக ஓடையில் விழுகின்றன என்றும், அம்மீன் கூட்டம் ஆண்டு முழுவதும் பெறும் உணவுச் சத்தில் 60 சதவீதம் இப்பூச்சிகளிலிருந்தே கிடைக்கிறது என்றும் 2011-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். அடுத்த ஆண்டில் வெளியான சோதனையில், இப்பூச்சிகள் ஓடையில் விழாதபடி தடுத்துப் பார்த்தனர். மீன்கள் ஓடையின் அடித்தளத்திலுள்ள சிறு பிராணிகளை மிகுதியாகத் தின்னத் தொடங்கின. அப்பிராணிகள் குறையவே, அவை மேய்ந்துவந்த பாசி பெருகியது. அவை அரித்துவந்த சருகு மக்காமல் தங்கியது.

துணியில் ஒரே ஓர் இழையை உருவினாலும் அதன் நீளம் முழுவதும் கோடு விழுந்துவிடும் என்பதை நெசவாளர் அறிவர். கரையையும் ஓடையையும் சேர்த்துப் பிணைத்த இழை அறுந்தபோது அங்கும் அதுவே நிகழ்ந்தது.

மீன் விழுங்கினால் புழு அழிந்துவிடாதா என்று சிலர் நினைக்கலாம். பல சமயங்களில் அழிவது உண்மையே. ஆயினும் பூச்சியை விழுங்கிய மீனின் வாய் வழியாகவோ செவுள் வழியாகவோ புழு நெளிந்து தப்பி வருவதும் உண்டு. தவளையிடமிருந்தும் அவ்வாறே தப்புகிறது. 2006-ஆம் ஆண்டில் இது சோதனையில் காட்டப்பட்டது.

நரம்புச் சிலந்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

உறுப்பினரின் தாயார் கொண்ட அச்சம் வீண் அச்சம் என்று தள்ளத்தக்கதன்று. நரம்புச் சிலந்தி நம் நாட்டு மக்களை நெடுங்காலம் வருத்திய நோய். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொண்ட ஊர்களில் அதனால் துன்புற்றோர் பலர். அறுவடைக் காலத்தில் கால் வீங்கிப் படுத்தவன் குடும்பம் அவ்வாண்டு முழுவதும் வறுமையுற்றது. நீரைப் பார்த்து அஞ்சும் பழக்கம் முதியோரிடம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு.

ஆனால் இரண்டும் வேறு. நரம்புச் சிலந்தியின் நீண்ட பெண் புழு மனிதனின் தோலுக்கடியில் வாழ்வது, வெண்மையானது, தோலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவருவது. கிணற்று நீரில் அது நெடும் புழுவாக நீந்துவதில்லை. அதன் நுண்ணிய இளம்புழு, சைக்ளாப்ஸ் என்னும் நீர்த்துகள் போன்ற பிராணியின் உடலில் புகுந்து, குடிநீர் வழியாக மனிதனை அடைகிறது. கண்ணுக்குத் தெரியும் நீண்ட பழுப்புப் புழு நீரில் நெளிந்தால் அது நரம்புச் சிலந்தி அன்று. மேலும், இந்தியாவில் அந்நோயின் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டில் பதிவானார். 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்நோய் நீங்கிய நாடு என்று அறிவித்தது. அந்நோயை வென்றது கிணற்றுப் புழுவைக் கொன்றதனால் அன்று. துணியால் நீரை வடிகட்டிக் குடித்ததும், படிக்கிணறுகளை மூடிய கிணறுகளாக மாற்றியதும், நோயாளி நீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டதும் அவ்வெற்றியில் பெரும்பங்கு கொண்டன. நெசவாளர் நெய்த துணிக்கும் அதில் பங்கு உண்டு என்று நாம் பெருமை கொள்ளலாம்.

குதிரைமயிர்ப் புழுவோ மனிதரையோ, மாடு, ஆடு, நாய் முதலியவற்றையோ சார்ந்து வாழ்வதன்று. தொட்டு எடுத்தால் கடிக்காது, தோலுக்குள் புகாது. பயிரின் வேரையும் தின்னாது.

உழவர் கேட்கும் கேள்வி ஒன்றுக்கும் இங்கே விடை கூறிவிடுவோம். வெட்டுக்கிளியை அழிக்க இப்புழுவை வளர்த்து விடலாமா என்பது அக்கேள்வி. புழு புகுந்த பூச்சி நலிவதும், அதன் முட்டைகள் குறைவதும் உண்மை. ஆயினும் இப்புழுவுக்கு நீரும் இடைப் பிராணியும் இரண்டாம் பூச்சியும் வரிசையாக வாய்க்க வேண்டும். வயலில் விரும்பியபடி பெருக்கக்கூடிய பொருள் இது அன்று. பூச்சிகள் அளவு மீறாதபடி தடுக்கும் பல இயற்கைக் காரணங்களுள் இதுவும் ஒன்று என்று கொள்வதே முறை.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

புழுவைக் கண்டால் ஒரு குச்சியாலோ வலையாலோ எடுத்து, ஓடையிலோ குளத்தோரத்திலோ விட்டுவிடலாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதிய நீர் நிரப்பினால் போதும்.

கிணற்றிலும் குடிநீர்த் தொட்டியிலும் பூச்சிமருந்து ஊற்றுவதை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. புழுவினால் குடிப்பவருக்கு வரும் கேடு எதுவும் இல்லை. மருந்தினால் வரும் கேடு உயிர் வரை செல்லும். மூன்று குடும்பத்தாரும் அவர்கள் மாடுகளும் அதைத்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

புழு மீண்டும் மீண்டும் வருமாயின், அது வரும் வழி சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி போன்றவை நீரில் விழுவதுதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கிணற்றின் வாயை நெருங்கிய கண்ணுள்ள வலையால் மூடலாம். தொட்டி விளிம்பில் படர்ந்த புல்லைச் செதுக்கலாம். இரவில் பூச்சிகளை ஈர்க்கும் விளக்கைக் கிணற்றடியிலிருந்து சற்றுத் தள்ளி அமைக்கலாம். குடிநீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் வழக்கத்தைப் புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைவிடாதிருப்பது நலம். மனிதர் உடலின் கொப்புளத்திலிருந்து எப்புழு வெளிவந்தாலும் காலம் தாழ்த்தாமல் அரசாங்க மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது வேறு விஷயம்.

புட்டியுடன் வந்த உறுப்பினர் பின்னொரு நாள் கூட்டத்திற்கு வந்திருந்தார். புழுவை ஏரியோரத்தில் விட்டுவிட்டதாகவும், கிணற்றுக்குப் பழைய வலை ஒன்றைக் கட்டியிருப்பதாகவும் கூறினார். பூச்சிமருந்து டப்பா பரணுக்குத் திரும்பிவிட்டதாம். தாயார் மட்டும் இன்னும் அந்தத் தொட்டியை நாள்தோறும் இருமுறை எட்டிப் பார்க்கிறாராம். பார்ப்பதில் தவறில்லை. நீரைக் கவனித்துப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டுவதே. தெரியாத ஒன்று கண்ணில் பட்டால் மருந்தைத் தேடுமுன் அது இன்னதென்று கேட்டறிவதும் அவ்வழக்கத்தோடு சேர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.